பாலா ரீச்சர் பார்த்த படம்

அத்தியாயம் ஏழு

விழாவுக்கான துணிப் பனரைக் கட்டிய இளைஞர்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கட்டியிருக்கலாம் என்று சீவரத்தினம் நினைத்தார். மருதனார்மடம் சந்தியில், கொழும்பு பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேரெதிரே, சந்தைக்குப் போகிறவர்களும் ஆஞ்சநேயரைக் கும்பிட வருகிறவர்களும் ஒருவர் விடாமல் பார்க்கும்படி, அவருடைய மனைவி அந்தரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

‘ஆபாசத் திரைப்படத்தைத் தடுத்து நிறுத்திய எங்கள் கலாசாரக் காவலர் திருமதி பாலேஸ்வரி சீவரத்தினம் அவர்களுக்கு மாபெரும் கௌரவிப்பு. சனிக்கிழமை மாலை, அளவெட்டி சனசமூக நிலைய மண்டபம்.’

பனரிலிருந்த புகைப்படம் அவளுடைய பிரியாவிடை விழாவில் எடுத்தது. கூட நின்ற மற்ற ரீச்சர்மாரை வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் அவசரக்காரன் போலிருக்கிறது, யாரோ ஒருத்தியின் கை மட்டும் பாலேஸ்வரியின் தோளில் மிச்சமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் பஸ்ஸும் வந்து நின்றது. இறங்கிய பாலேஸ்வரி முதலில் பையைக் கணவரிடம் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிறவள் போல, பனரை மேலிருந்து கீழ் வரை ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.

“உது ஆற்றை வேலை?”

“நமசிவாயத்தாற்றைதான். சனசமூக நிலையத்தாலை செய்யினம்.”

“நான் மறிச்சனான் எண்டு அவருக்கு ஆர் சொன்னது?”

சீவரத்தினம் மோட்டார் சைக்கிளை உதைத்தார். எந்த நாளும் சண்டித்தனம் பண்ணுகிற அந்த வண்டி, அன்றைக்கு ஒரே உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குள் பதில் சொல்லாமல் தப்பிக்கொண்டார்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலேஸ்வரி, ஊருக்குப் பாலா ரீச்சர், பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் படங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கிற குழுவொன்றில் போன வருடம் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவை போவாள், படம் பார்ப்பாள், வரும்போது மகளுக்கு ஒரு சட்டைத்துணி வாங்கி வருவாள். பார்த்ததைப் பற்றி வெளியில் கதைக்கக் கூடாது என்பது அங்கே விதி. பாலேஸ்வரிக்கு விதி என்றால் விதிதான். கதாநாயகன் ஆட்களை வெட்டிக் குவிக்கிற படங்களைப் பார்த்துவிட்டு வந்து தலையிடிக்குளிசை போட்டுக்கொண்டாளே தவிர, ஒரு சொல் கதைத்தது கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் ‘இரவல் வெயில்’ வந்தது. அரியாலைப் பெண் ஒருத்தி இயக்கிய படம், இங்கேயே எடுத்த படம். யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் ‘அந்தக் காட்சி’ இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு பெண் இரண்டு பேரோடு கெட்டுப்போகிறாள் என்று சலூனில் ஒருவர் சொன்னார். இரண்டு இல்லை, நாலு என்று சந்தையில் வெங்காயம் விற்கிறவர் திருத்தினார். முதல்தரம் பார்த்தபோது குழு ஒரு முடிவுக்கு வரவில்லை. படம் நிறுத்திவைக்கப்பட்டது. மறுபடி பார்ப்பதற்குத்தான் பாலேஸ்வரி இந்த வாரம் போய் வந்திருந்தாள்.

இதில் சீவரத்தினத்தின் பங்கு மிகச் சிறியது. மருதனார்மடத்தில் விதையும் பூச்சிமருந்துத் தெளிகருவியும் விற்கிற கடை அவருடையது. படம் நின்றுபோன வாரம் சனசமூக நிலையத் தலைவர் நமசிவாயம் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற கிராம சேவகர், இன்னும் ஊரையே தன் பிரிவு என்று நினைக்கிறவர்.

“உங்கடை மனுசிதானே மறிச்சது?” என்று கேட்டார்.

சீவரத்தினம் பீற்றூட் விதை நிறுத்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் ‘பாலா ரீச்சரின்ரை மனுசன்’. ஊரில் யாருக்கு எது தெரிய வேண்டுமென்றாலும் அவரைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போவார்கள். முதன்முறையாக ஒருவர் அவரிடம் வந்து கேட்டிருக்கிறார்.

“பின்னை ஆர்?” என்றார் தராசைப் பார்த்தபடி.

அந்த ‘பின்னை ஆர்’தான் இப்போது சந்தியில் பனராகத் தொங்கியது.

அவருக்கு இன்னொரு விசாரமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. முதல்தரம் படம் பார்த்துவிட்டு வந்த அன்று பாலேஸ்வரி அவருக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே கதிரையில் இருந்து அவரையே பார்த்தாள். பிறகு, “அந்த மடக்குக் கட்டில் முதுகுக்குக் குத்தேல்லையோ?” என்று கேட்டாள்.

சீவரத்தினம் விறாந்தையில் மடக்குக் கட்டிலில் படுக்கிறவர். அது ஒன்றும் புதினமில்லை. மகள் வினோஜா ஏ.எல். பரீட்சைக்குப் படித்த வருடம், பிள்ளைக்குத் துணையாக, அது கண்ணயர்ந்தால் எழுப்ப, தேத்தண்ணி வைத்துக் கொடுக்க என்று பாலேஸ்வரி மகளின் அறைக்குப் போனாள். இவர் ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு விறாந்தைக்கு வந்தார். பரீட்சை முடிந்தது, வினோஜா கம்பஸ் படிப்பும் முடித்தாள், இப்போது வங்கியில் வேலை. படுக்கைகள் மட்டும் திரும்பிப் போகவில்லை. ஆளில்லாமல் கிடந்த தங்கள் அறையில் கடைச் சாமான் அடுக்கத் தொடங்கினார்கள். ஊரில் பாதி வீடுகளில் நடக்கிற கதைதான்.

கேட்டவுடன் மனைவிக்குத் தன் முதுகில் எவ்வளவு கரிசனை என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. மறுநாளே யாழ்ப்பாணம் போய் நல்ல தடிப்பான மெத்தையொன்று வாங்கி வந்து, மடக்குக் கட்டிலில் விரித்துக் காட்டினார். பாலேஸ்வரி மெத்தையை ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். “நல்லது” என்றாள். உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை.

அந்தப் படத்தில் என்ன பார்த்தாள்? வண்டியின் பின்னால் பையை அணைத்துக்கொண்டு இருக்கிற மனைவியிடம் அதைக் கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

வீட்டில் வினோஜா புட்டும் சம்பலும் செய்து வைத்திருந்தாள். சனிக்கிழமை, வங்கி இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அம்மா, ‘இரவல் வெயிலு’க்கு அனுமதி குடுத்தாச்சாம். வளந்த ஆக்களுக்கு மட்டும். ஒரு துண்டும் வெட்டேல்லையாம்.”

சீவரத்தினத்துக்குப் புட்டு தொண்டையில் நின்றது. தண்ணீரைக் குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“அப்ப நீர் சொன்னதை அங்கை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“ஆர் என்ன சொன்னது எண்டு கதைக்கக் கூடாது” என்றாள் பாலேஸ்வரி. “சம்பலுக்குப் புளி காணாது, பிள்ளை.”

வினோஜா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் ஆவலில் தலை வெடிக்கும் போலத்தான் இருந்தது. ஆனால் தாயோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்தவள், எப்போது கேட்கலாம் எப்போது கேட்கக் கூடாது என்று தெரிந்தவள்.

சீவரத்தினம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நமசிவாயத்தின் வீட்டுக்கு ஓடினார். ஒருவகையில் நிம்மதி. படமே வெளியில் வரப்போகிறது, தடுத்து நிறுத்தியதற்கு எப்படி விழா எடுப்பது? நிறுத்திவிடுவார்கள். பனரையும் கழற்றிவிடுவார்கள்.

நமசிவாயம் முற்றத்தில் நின்று நாதஸ்வரக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அளவெட்டியில் மேளம் இல்லாமல் யாரையும் கௌரவிக்க முடியாது.

“நல்லாக் கேளுங்கோ. மண்டபத்துக்குள்ளை இடமில்லை. நீங்கள் வெளியிலை, யன்னலடியிலை இருங்கோ. என்ரை பேச்செல்லாம் உங்களுக்குக் கேக்காது. நான் பொன்னாடையை ரெண்டு கையாலையும் உயத்திப் பிடிப்பன். அதைக் கண்ட உடனை கெட்டிமேளம். விளங்கினதோ?”

மேளக்காரர்கள் போனதும் சீவரத்தினம் செய்தியைச் சொன்னார். நமசிவாயம் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார்.

“இது இன்னும் நல்லது” என்றார்.

“எப்பிடி?”

“அவ தனிய நிண்டு எதிர்த்திருக்கிறா. மற்றவை எல்லாம் சேந்து தோக்கடிச்சிட்டினம். தோத்த ஆளுக்கு மரியாதை செய்யிறது வெண்ட ஆளுக்குச் செய்யிறதிலும் பெரிசு. நான் பேச்சை மாத்திறன்.”

“தலைவர், எனக்கென்னவோ விழாவை ஒத்திவைக்கலாம் எண்டு…”

“ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, சீவரத்தினம். நீர் தானே சொன்னீர், பின்னை ஆர் எண்டு?”

நமசிவாயத்தின் மனைவி தயாளினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். சீவரத்தினத்துக்கு முன்னால் தட்டை நீட்டியவள், அவர் கோப்பையை எடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

“அண்ணை, அந்தப் படத்திலை உண்மையிலை என்னவாம்?”

நமசிவாயம் ஒரு பார்வை பார்த்தார். தயாளினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதும் காதை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போனாள்.

மத்தியானம் பாலேஸ்வரி அவரைக் கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ, நல்ல சேலையெல்லாம் அந்த அறை அலுமாரிக்குள்ளை. உள்ளை போக வழியில்லை. ஒருக்கா விலத்தித் தாங்கோ.”

அந்த அறை என்றால் அவர்களுடைய பழைய அறை. கதவைத் திறந்ததும் விதைவெங்காய வாசம் முகத்தில் அடித்தது. கூரை வளையில் வரிசையாக வெங்காயக் கட்டுகள் தொங்கின. கீழே தெளிகருவிப் பெட்டிகள், விதை அடைத்த தகரப் பேணிகள், சாக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ பெரிதாகக் கிடந்தது. சாக்கொன்றை நகர்த்தியபோது கடைந்த மரக்கால் ஒன்று தெரிந்தது. அது அவர்களுடைய கட்டில். கலியாணத்துக்கு மாமனார் செய்வித்த முதிரை மரக் கட்டில். அது எங்கே போயிற்று என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பாலேஸ்வரி சாக்குகளுக்கு மேலால் எட்டி அலுமாரியைத் திறந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது.

“நமசிவாயத்தாருக்குச் சொன்னது நான்தான்.”

“தெரியும். ‘பின்னை ஆர்’ எண்டு சொன்னீங்களாம். தயாளினி போன் எடுத்துச் சொன்னவ.”

“பிழைதான். இனி என்ன செய்யிறது? நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. உமக்கும் கதைக்கக் கூடாது எண்டு விதி இருக்குத்தானே. பொன்னாடையைப் போத்துவினம். கும்பிட்டிட்டு வந்து இருந்தாச் சரி. என்ரை மானமும் போகாது.”

பாலேஸ்வரி ஒரு பச்சைச் சேலையை எடுத்து உதறினாள். அதிலும் வெங்காய வாசம்.

“கதைக்காமல் இருக்கிறது எனக்குப் பழகினதுதானே” என்றாள்.

அவளுடைய குரலில் கோபமில்லை. அதுதான் அவரை உலுக்கியது. கோபமென்றால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

“பாலா, அப்பிடி என்னதான் அந்தப் படத்திலை இருக்கு?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு சாக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கிற மனிதரை, அவருடைய தலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை, கையில் பிடித்திருந்த விதைப் பேணியைப் பார்த்தாள்.

“வழியை விடுங்கோ. சேலை மடிப்புப் போக மினுக்க வேணும்.”

பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு வராத கூட்டம். கலாசாரத்தைக் காப்பாற்றுகிற ஆவல் எவ்வளவு, படத்தில் என்ன இருந்தது என்று அறிகிற ஆவல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்வரிசைகளில் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். வினோஜா தாய்க்குத் தண்ணீர்ப் போத்தலோடு மேடைப் படியருகே நின்றாள். சீவரத்தினத்தை முதல் கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

நமசிவாயம் நீளமாகப் பேசினார். எங்கடை தாய்மாரின் கற்பு, எங்கடை மண், எங்கடை மரபு என்று ஏறிக்கொண்டே போய், தனித்து நின்று தோற்ற வீராங்கனை என்ற இடத்தில் குரல் தழுதழுத்தார். மஞ்சள் பொன்னாடையை மேசையிலிருந்து எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டார்.

“போத்திறதுக்கு முன்னம் நான் ஒரு சொல் சொல்ல வேணும்” என்றாள் பாலேஸ்வரி.

நமசிவாயம் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். சீவரத்தினம் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த அறைக்குள்ளை மற்றவை என்ன சொன்னது எண்டு நான் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டன். நான் என்ன சொன்னன் எண்டதை இண்டைக்குச் சொல்லத்தான் வேணும். இல்லாட்டி இந்தப் பொன்னாடை பொய்ப் பொன்னாடை. நான் அந்தப் படத்தை மறிக்கேல்லை. முதல்தரமும் மறிக்கேல்லை, இந்தத்தரமும் மறிக்கேல்லை. ஒரு துண்டும் வெட்டாமல் விடச் சொன்னனான்.”

எல்லோருடைய முகமும் மெல்ல மெல்ல முதல் கதிரைப் பக்கம் திரும்புவதைச் சீவரத்தினம் திரும்பாமலே உணர்ந்தார். காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால், வெட்கத்துக்கு அடியில், அந்த ஆவல் மட்டும் சாகாமல் கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னாள்?

அவர் கேட்கப் பயந்ததைப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர் கேட்டார்.

“அப்ப ரீச்சர், அதிலை வாற பொம்பிளை கெட்டுப்போகேல்லையோ? அவ ஆரிட்டைப் போறா?”

“தன்ரை மனுசனிட்டை.”

யாருக்கும் விளங்கவில்லை. பாலேஸ்வரி வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“அவவுக்கு ஐம்பது வயசு தாண்டியிட்டுது. மனுசன் விறாந்தையிலை படுக்கிறவர். அவ உள்ளை படுக்கிறவ. சண்டை ஒண்டும் இல்லை. பிள்ளையள் வளந்த காலத்திலை அப்பிடியே வந்திட்டுது, பிறகு ஒருத்தரும் மாத்தேல்லை. பகலிலை அரிசி, உரம், கரண்ட் பில் எண்டு கதைப்பினம். ஒருநாள் அவ எழும்பி, கதவைத் திறந்து, விறாந்தைக்கு நடந்து போறா. அதுதான் பேப்பரிலை எழுதின அந்தக் காட்சி. அதிலை மூடாத உடம்பும் இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சின்னப்பிள்ளையள் பாக்கிற படமில்லை. வளந்த நாங்கள் பாக்கலாம். அதிலை எதை வெட்டச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அவவை நடக்க விடாமல் வெட்டுறதோ? கதவைத் திறக்கிறதுக்கு முதல் வெட்டுறதோ?”

முன்வரிசை ஆண்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். விடிய வெள்ளெனக் கடைக்குப் போகிற சீவரத்தினத்துக்கு, இவர்களில் யார் யார் விறாந்தையில் கட்டில் மடிக்கிறவர்கள் என்று நன்றாகத் தெரியும். பெண்கள் எல்லோரும் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“படத்திலை அவ போறதுக்கு முதல் நாள் மனுசனிட்டை ஒண்டு கேப்பா” என்றாள் பாலேஸ்வரி. அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. “இஞ்சை உங்களுக்குக் குளிரேல்லையோ எண்டு. அவர் போர்வை ஒண்டு வாங்கியருவார்.”

சீவரத்தினத்துக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை போல இருந்தது. பிறகு அந்தத் தடிப்பான மெத்தை ஞாபகம் வந்தது. அதை மோட்டார் சைக்கிளில் கட்டி வந்த பெருமை, விரித்துக் காட்டிய விதம், அவள் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு “நல்லது” என்றது. இத்தனை நாளும் படத்தில் என்ன இருக்கிறது என்று மண்டையைப் போட்டு உடைத்தாரே, அவள் அதை வீட்டுக்கு வந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டாள். அவருக்குத் தன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது, அவள்மேல் அப்படியொரு பட்சமும் வந்தது.

மேடையில் நமசிவாயம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இந்தப் பொன்னாடையைப் போர்த்தவும் முடியாது, கையில் வைத்திருக்கவும் முடியாது. திரும்ப மடித்து வைத்துவிடலாம் என்று, மடிப்பு நேராக வரட்டும் என்று, இரண்டு கையாலும் உயர்த்தி உதறினார்.

யன்னலடியில் காத்திருந்தவர்கள் கண்டார்கள். கெட்டிமேளம் முழங்கியது.

தவில் இரண்டும் மண்டபத்தை அதிரவைத்தன. நாதஸ்வரம் தாலிகட்டு வேளையில் எழுவது போல ஓங்கி எழுந்தது. பழக்கதோஷத்தில் பெண்கள் சிலர் கையிலிருந்த வரவேற்புப் பூவை மேடையை நோக்கி எறிந்தும் விட்டார்கள். நமசிவாயத்திடம் கையைக் கீழே போடச் சொல்லி யாரோ கத்தினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அது தயாளினியுடையது.

பச்சைச் சேலையில் வந்து விழுந்த ஒரு செவ்வரத்தம்பூவோடு நின்ற பாலேஸ்வரி, மேளச் சத்தத்துக்குள் முதல் கதிரையைப் பார்த்தாள். இந்தத் தடவை சீவரத்தினம் பார்வையை விலக்கவில்லை.

வெளியே வந்தபோது நமசிவாயம் அவரை மறித்தார். “நாளைக்குக் காலமை கமிட்டி கூடுது. நீரும் வரவேணும். ஊரை ஏமாத்தினதுக்குப் பதில் சொல்ல வேணும்.”

“வாறன்” என்றார் சீவரத்தினம். “பிழை என்ரை. அவவின்ரை இல்லை. அதையும் கமிட்டியிலை சொல்லுறன்.”

கொஞ்சம் தள்ளி, மதில் நிழலில், தயாளினி பாலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் ஏதோ கேட்டாள். ‘படம்’ என்ற சொல் மட்டும் சீவரத்தினத்துக்கு எட்டியது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். பாலேஸ்வரி யோசித்து, ஓம் என்று தலையாட்டினாள். என்ன கேட்டார்கள் என்று வீடு வரும் வரை சீவரத்தினம் விசாரிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாலேஸ்வரி துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பொழுது இன்னும் இருட்டவில்லை. சீவரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டினார். பழைய அறைக்குள் போனார்.

வினோஜா விளக்குக் கொளுத்தச் சாமியறைக்குப் போகும் வழியில் நின்றாள். தகப்பன் விதைவெங்காயக் கட்டுகளை வளையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி விறாந்தைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். தலையெல்லாம் சருகு, மூக்கில் தூசி.

“அப்பா, இதுகளையெல்லாம் எங்கை வைக்கப்போறியள்?”

“விறாந்தையிலை. காத்துப் பட்டால் வெங்காயத்துக்கு நல்லது.”

வினோஜா அறையைப் பார்த்தாள், விறாந்தையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய் விளக்கைக் கொளுத்தினாள். பிறகு, இன்றைக்குத் தன் சிநேகிதி வீட்டில் தங்கலாம் போலிருக்கிறது என்று சாமியறைக்குள்ளிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

பாலேஸ்வரி ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தபோது மடக்குக் கட்டில் முழுக்க வெங்காயம் கிடந்தது. அந்தத் தடிப்பான மெத்தையின் மேல் சாக்கு விரித்து, கட்டுக் கட்டாக அழகாக அடுக்கியிருந்தார்.

“கட்டிலிலை ஏன் இதுகளைப் போட்டிருக்கிறியள்?”

சீவரத்தினம் ஒரு கனத்த சாக்கை அறைவாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. அவளை நேரே பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“அண்டைக்கு நீர் ஒண்டு கேட்டீர் எல்லோ” என்றார். “முதுகுக்குக் குத்தேல்லையோ எண்டு.”

பாலேஸ்வரி வெங்காயம் அடுக்கிய மெத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஓம், பாலா. குத்துது. கனகாலமாக் குத்துது.”

அவள் தலைத் துவாயை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, சாக்கின் மற்ற முனையைப் பிடித்தாள்.